அம்மன் போகும் வழியில் ஒரு மணல்மேடு

மேடம்,

இன்று மத்தியானம் எங்கள் மாடிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பூனைதான் என்று மருமகள் விளக்குமாற்றோடு ஓடினாள். நான் நாற்காலியைவிட்டு எழாமலே, "கடல்காத்தும்மா" என்றேன். இந்தக் கோடையின் முதல் கடல்காற்று. செங்கல்பட்டு வந்து சேர அதற்கு நேரமாகிறது. உப்பையெல்லாம் வழியில் இறக்கிவிட்டு, வெறும் குளிர்ச்சியாக வருகிறது.

நீங்கள் இருந்தவரை எனக்குக் கதவு சொல்ல வேண்டியதில்லை. திருப்போரூரில் உங்கள் வீட்டு வேப்பமரத்தை அது தொட்டதும் போன் செய்வீர்கள். "சார், கிளம்பிடுச்சு. ஜன்னலைத் திறந்து வைங்க." அவ்வளவுதான் பேச்சு. நானும் "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறப்பேன். இத்தனை ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தும் நமக்குள் சாரும் மேடமும் போகவில்லை. "ரெண்டு பேரும் வேலையை விட்டாலும் ஆபீஸ் உங்களை விடலை" என்று உங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார்.

கதவு சாத்திய பிறகு உள்ளே போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. நாம் வீடுகள் வரைந்து கட்டிய மீனவர் குப்பத்தில் போன ஆண்டும் இந்த ஆண்டும் நடந்ததை உங்களிடம் இன்னும் சொல்லவில்லை என்பது உறுத்தியது. சொல்லும் இடம் இல்லாததால் எழுதுகிறேன்.

மாமல்லபுரத்துக்கு அப்பால் அந்தக் குப்பத்துக்கு நாம் முதலில் போனபோது, கடல் பழைய வீட்டு வரிசையைத் தின்று முடித்திருந்தது. பாதிச் சுவரோடு ஒரு சமையலறை மட்டும் அலையில் நின்றது. அதன் அலமாரியில் ஒரு எவர்சில்வர் டம்ளர்கூட இருந்தது. கட்டிக்கொடுக்க முன்வந்த தொண்டு நிறுவனம் நமக்கு முன்பே ஒரு வரைபடம் வைத்திருந்தது. கடலோரமாக நேர்க்கோட்டில் வீடுகள், முன்னால் நீளமான கான்கிரீட் சுவர். நீங்கள் அதை வாங்கிப் பார்த்து, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். பிறகு உங்கள் பழைய நூல் புடவை ஒன்றை எடுத்து நாடா நாடாவாகக் கிழித்து, மணலில் நட்ட குச்சிகளில் கட்டச் சொன்னீர்கள். நான் டேப்போடு நின்றுகொண்டிருந்தேன். எதை அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "முதல்ல காத்து எப்படிப் போகுதுன்னு பார்ப்போம் சார். வீடு அப்புறம்."

பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்குக் கடலைவிட மணல்தான் அன்றாடத் தொல்லை. சோற்றில் மணல், பாயில் மணல், பிள்ளையின் காதில் மணல். மறுநாள் அவர்களை அழைத்து, மணலில் இரவெல்லாம் வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டையும் ஒரு மீன்கூடையையும் காட்டினீர்கள். பக்கெட்டைச் சுற்றி மணல் பள்ளமாகப் பறிந்திருந்தது. அது சாயத் தொடங்கியிருந்தது. கூடைக்குப் பின்னால் மணல் அழகாகக் குவிந்திருந்தது. காற்று எதன்மேல் மோதுகிறதோ அதன் காலடியைப் பறிக்கும். எதன் வழியாக மெதுவாகப் போகிறதோ அதன் பின்னால் மணலைப் போட்டுவிட்டுப் போகும். நான் ஒரு மணி நேரம் விளக்கியிருப்பேன், யாருக்கும் புரிந்திருக்காது.

அதனால் நம் வீடுகள் குட்டையான தூண்கள்மேல் நின்றன. அடியில் காற்றும் மணலும் போய்வர வழி. கூரை கடல்பக்கம் தாழ்ந்து இறங்கியது. ஒரு வீட்டின் மறைவில் இன்னொரு வீடு வராதபடி வரிசையைக் கலைத்து வைத்தோம். சமையலறைக் கதவு மணல் இறங்கும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். மீன் விற்கும் தேசம்மாள், அப்போது கல்யாணமான புதிது, தூண்களைப் பார்த்துவிட்டு உங்களிடம் கேட்டாள்: "இன்னாம்மா, வூட்டுக்குக் காலு வச்சிட்ட. நான் மார்க்கெட்டு போய்ட்டு வர்றதுக்குள்ள அது எங்கனா நடந்து பூட்சின்னா?" நீங்கள் சொன்னீர்கள்: "போனா உன்ன மாதிரி சாயங்காலம் திரும்பி வந்துடும்." அன்று முதல் அவள் உங்கள் கட்சி.

சுவருக்குப் பதிலாக நாம் வரைந்தது மணல்மேடு. பனை ஓலைத் தட்டிகளை இடைவெளி விட்டுப் பின்னி, கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே நட்டால், காற்றே மணலைக் கொண்டுவந்து போடும். தட்டி புதைந்ததும் அதன்மேல் இன்னொன்று. மேடு எழுந்த பிறகு அடும்புக்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் அதைப் பிடித்துக்கொள்ளும். கடல் சீறி வந்தால் மேட்டில் கொஞ்சம் தின்னும். அடுத்த கோடையில் காற்று அதைத் திருப்பித் தரும். மேட்டைக் கடந்து கரைக்குப் போகும் வழியை மட்டும் வளைத்து வரைந்தோம். நேராக வெட்டினால் காற்று அந்த வாய்க்குள் புகுந்து அகலமாக்கிவிடும், பிறகு அலையும் அதே வழியில் வரும். அந்த வளைவைக் கணக்குப் போட்டு வரைந்தது நான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வரைபடத்தைக் கோயில் முன்னால் விரித்தபோது ஊர் நாட்டார் ஏகாம்பரம் நெடுநேரம் பார்த்தார். கடலோர ஊர்களில் வழக்கு தீர்ப்பதும் திருவிழா நடத்துவதும் நாட்டார்தான் என்பதால் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"எல்லாம் சரிம்மா. மாசி மகத்துக்கு அம்மன் எப்டி கடலுக்குப் போவா?"

காற்றின் திசையை எல்லா மாதத்துக்கும் வாங்கி வைத்திருந்தோம். மணலைச் சல்லடையில் சலித்து எடை போட்டிருந்தோம். கோயில் வாசலிலிருந்து அம்மனைத் தோளில் தூக்கிக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் வழி எது என்று கேட்கவே இல்லை. அம்மன் தன் வாசலிலிருந்து பார்த்தால் கடல் தெரிய வேண்டும், போகும்போது முகம் திரும்பக் கூடாது. "எங்க அம்மன் கோணையால்லாம் போவமாட்டா" என்றார் ஏகாம்பரம்.

நான் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கிவிட்டேன். நீங்கள் அதன்மேல் கையை வைத்து, ஏற்கெனவே யோசித்து வைத்ததுபோல் சொன்னீர்கள்: "நேராவே போகட்டும். வருஷத்துக்கு ஒரு நாள் மேட்டைத் திறப்போம். அம்மன் போய்ட்டு வந்த மறுநாள் ஊரே சேர்ந்து தட்டி நட்டு மூடணும். திறக்குறது திருவிழான்னா மூடுறதும் திருவிழாதான். மூடினா மழைக்குள்ள மேடு வளர்ந்துடும்."

"வளந்துடுமா?"

"வளர்ந்துடும்."

ஊர் ஒப்புக்கொண்டது. பஸ் கல்பாக்கம் தாண்டியது. பிறகு மெதுவாக, "சார், நிஜமாவே வளர்ந்துடுமா?" என்றீர்கள்.

போன ஆண்டுவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மேடம். ஊர் முழுக்க உங்களைத் துணிச்சல்காரி என்றது, என்னைப் பயந்தாங்கொள்ளி என்றது. இரண்டும் உண்மைதான், பஸ் ஏறும்வரை. பஸ்ஸில் நீங்கள் கேட்பீர்கள், நான் சொல்வேன். அன்று டிக்கெட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டு, "பங்குனியிலேர்ந்து புரட்டாசி வரைக்கும் காத்து இருக்கு. வளர்ந்துடும் மேடம்" என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனீர்கள். நான்தான் செங்கல்பட்டு வரும்வரை விழித்திருந்தேன்.

மேடு வளர்ந்தது. பல ஆண்டுகள் மாசி மகத்துக்கு மறுநாள் நாம் இருவரும் போய்த் தட்டி நடுவதைப் பார்த்திருக்கிறோம். பிறகு உங்கள் உடம்பு சரியில்லாமல் போனது. தனியாகப் போய் நிற்க எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் போன பிறகு அந்தப் பக்கமே நான் போகவில்லை.

போன ஆண்டு ஆனி மாதம் தேசம்மாள் செங்கல்பட்டுக்கு என்னைத் தேடி வந்தாள். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு பை கருவாடு. வீட்டுக்குள் வராமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"மேடம் வூட்டுக்குத்தான் மொதல்ல போனேன். போட்டோல மாலை போட்டுகீது. எனுக்கு யாருமே சொல்லல சார்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உடனே விஷயத்துக்கு வந்தாள். "மாசிக்குத் தொறந்தத மூடவே இல்ல. ஜேசிபி வச்சி இன்னும் அகலமாக்கிட்டானுங்க. டிராக்டர் போக சிமிட்டி ரோடு போடப்போறாங்களாம். நேர் எதுருல எவன் வூடு? என் வூடு. எம்பொண்ணுக்கு ஐப்பசில தேதி. பெத்து எங்க வூட்டுக்குத்தான் வருவா. கடலு உள்ள வந்துச்சுன்னா பச்சக் கொயந்தைய வச்சிகினு நான் எங்க போறது?"

"நான் வந்து என்னம்மா பண்ணப் போறேன்?"

"மேடம் பண்ணத நீ பண்ணு."

அன்று மாலை முழுவதும் போகாமலிருக்கக் காரணங்களை யோசித்தேன். முழங்கால் வலி ஒன்று, வெயில் ஒன்று. என் சொல் எடுபடாது என்பது மூன்றாவது. உண்மையான காரணமும் அதுதான். ஆனால் அந்தத் தூண்களுக்கு ஆழம் போட்டவன் நான். வெட்டிய வாய் வழியாக அலை வந்தால் தூணடி எவ்வளவு பறிந்துபோகும் என்பது என் தலைக்குள் தானாகவே கணக்காக ஓடியது. அந்தக் கணக்கோடு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் பந்தலில் ஊர் கூடியது. ஏகாம்பரத்துக்கு இப்போது கண் மங்கிவிட்டது, என் கையைப் பிடித்துப் பார்த்து, "அந்தம்மாகூட வருவாரே, பேசாத சாரு, அவுரா?" என்றார். ரோடு வேண்டும் என்று நின்றவன் குமார், படகு வைத்திருப்பவன். அவன் பக்கமும் நியாயம் இருந்தது. படகுகள் பெரிதாகிவிட்டன, டிராக்டர்தான் இழுக்கிறது. "மணல்ல சக்கரம் மாட்டிகினு டெய்லி பேஜாரு. மீனு வெயில்ல காயுது. சார், ஒரே வார்த்தைல சொல்லு. ரோடு போட்டா கடலு உள்ள வருமா, வராதா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"வரலாம்" என்றேன்.

"வரலாம்னா, வராமலும் இருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம்."

பந்தல் சிரித்தது. தேசம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மேடம் இருந்தா வரும்னு அடிச்சி சொல்லியிருக்கும்."

அப்போதுதான் எனக்கே தெரியாமல் அது வாயில் வந்தது. "மேடமும் பஸ்ல போகும்போது எங்கிட்ட வரலாம்னுதான் சொல்வாங்க."

சிரிப்பு நின்றது. ஏகாம்பரம் தலையை என் பக்கம் திருப்பினார். "அப்பால இங்க வந்து எதுக்கு அப்டி அடிச்சி சொல்லும்?"

"கடல் வரலாம்னாலே மேட்டை மூடித்தான் ஆகணும். வந்த பிறகு மூட முடியாது. அதனால சொன்னாங்க."

இது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் விளக்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் தேசம்மாள் குமாரிடம் பாய்ந்தாள். "ஏன்டா, நீ லைப் ஜாக்கெட் எடுத்துகினு போறியே, இன்னிக்கு முழுவப்போறேன்னு தெரிஞ்சா எடுத்துகினு போற?"

"அத எங்கக்கா நான் போடறேன். உக்கார்றதுக்கு வச்சிகினுகீறேன்."

இந்த முறை சிரிப்பு குமார் பக்கம் போயிற்று. ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேராக வேண்டாம், ஐஸ் போடும் கொட்டகைக்குத் தெற்கே வளைத்துப் போகட்டும் என்றேன். சிமெண்ட் வேண்டாம், மரப்பலகைகளைக் கம்பியில் கோத்து விரித்தால் சக்கரம் புதையாது, மழைக்கு முன் சுருட்டி வைக்கலாம் என்றேன். குச்சியால் மணலில் வளைவை வரைந்து காட்டினேன். குமார் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல டிரெய்லரு திரும்பாது சார்" என்றான். என் கணக்குப்படி திரும்ப வேண்டும். "அப்ப நீங்களே ஓட்டிக் காட்டுங்க" என்றேன். அவன் போய் டிராக்டரை எடுத்துவந்து, டிரெய்லரோடு மேட்டின் ஓரமாக வளைத்து ஓட்டினான். நான் பின்னாலேயே நடந்து குச்சி நட்டுக்கொண்டு போனேன். அவன் வளைவு என்னுடையதைவிட அகலம். ஆனால் காற்று நேராகப் புகாத அளவுக்குத்தான் இருந்தது. சக்கரத் தடமே வரைபடமாயிற்று. ஏகாம்பரம் பந்தலிலிருந்தே, "ரெண்டு பேரும் ஒத்துகினீங்களா?" என்று கேட்டார். ஒத்துக்கொண்டோம்.

மூடும் வேலை மறுநாளே தொடங்கியது. ஏற்கெனவே ஆனி வந்துவிட்டதால் காற்றுக்காலத்தில் பாதி செலவாகியிருந்தது. மிச்சக் காற்று போதுமா என்று எனக்குச் சந்தேகம். வாரம் தவறாமல் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போனேன். வெட்டிய இடத்தில் ஒரு மூங்கில் நட்டு வைத்திருந்தேன்; போகும்போதெல்லாம் மணல் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஏறியது. நான் விரும்பிய வேகத்தில் ஏறவில்லை. பக்கத்து மேட்டின் உயரத்துக்கு வராமலே மழைக்காலம் வந்துவிட்டது.

தேசம்மாளின் பேத்தி ஐப்பசியில் பிறந்தாள். கார்த்திகையில் புயல் சின்னம் என்று டிவியில் சொன்ன அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலை தேசம்மாளே போன் செய்தாள்.

"தண்ணி வந்துச்சு சார். தட்டியெல்லாம் தூக்கிகினு பூட்சி. புது மேட்டுல பாதிய துன்னுட்சி."

"வீடு?"

"வூட்டு காலாண்ட ஈரம்கூட இல்ல. கொயந்த தூங்குது. நீ இன்னா சார், அழுவுறியா?"

"இல்லம்மா."

"மேடுதான காப்பாத்துச்சு?"

மேடு தடுத்ததா, கடல் அன்று அவ்வளவோடு திரும்பியதா, எனக்குத் தெரியவில்லை மேடம். பாதி மேடு மிச்சம் இருந்தது என்பது மட்டும் தெரியும். அப்படியே சொன்னேன். "உனுக்கு எப்பத்தான் சார் தெரியும்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

இந்த ஆண்டு மாசி மகத்துக்கு மேட்டைத் திறந்தார்கள். அம்மன் நேராகப் போய்த் திரும்பினாள். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினேன். எனக்கு முன்பே மூடி முடித்திருந்தார்கள். குமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றான். போன மழையில் தட்டி போய்விட்டதே என்று இந்த முறை இரண்டு மடங்காக, ஓலைமேல் ஓலை வைத்து, விரல் நுழைய இடமில்லாமல் பின்னியிருந்தார்கள். பாய் முடைவதில் கைதேர்ந்த பெண்கள் விடியும் முன் எழுந்து செய்த வேலை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அதன் அடியில் கடல்பக்கம் இப்போதே மணல் பறியத் தொடங்கியிருந்தது.

"ஒரு அடுக்கை எடுத்துடணும்" என்றேன்.

காற்று பலமாக இருந்தது. யாருக்கும் கேட்கவில்லை. ஒருவேளை கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார்கள். கை வலிக்கப் பின்னியவர்கள்தானே. தேசம்மாள் மட்டும், பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, கிட்டே வந்தாள்.

"இன்னா சார்? நல்லா ஸ்டாங்காத்தான கட்டிகீறாங்க. மேடம் இருந்தா இன்னா சொல்லியிருக்கும்?"

"மேடம் இல்லம்மா. நான் சொல்றேன்." பிறகு மேட்டின்மேல் ஏறி, வரிசைக்குக் கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கும்படி கத்தினேன். "ஒரு அடுக்கைப் பிரிங்க. காத்து உள்ள போகணும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "சாருக்குக் கொரலு கீதுடா" என்று குமார் யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. பெண்களில் ஒருத்தி என்னைத் திட்டிக்கொண்டேதான் முதல் ஓலையை உருவினாள். வெயில் ஏறும் முன் முழு வரிசையும் பிரிந்தது. சாயங்காலம் பார்த்தபோது தட்டிக்குப் பின்னால் மணல் உட்கார ஆரம்பித்திருந்தது.

அந்தக் கரையில் எத்தனையோ முறை உங்கள் பின்னால் நின்றிருக்கிறேன். காற்று முழுவதும் உங்கள் மேல்தான் பட்டிருக்கிறது. அதில் நான்கு பேருக்குக் கேட்க வேண்டுமென்றால் எவ்வளவு உரக்கப் பேச வேண்டும் என்பது, மேடம், எனக்கு அன்றுதான் தெரிந்தது.